குத்துவதும் ஒற்றுவதும்

31 வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், பத்திரங்களும் பதிவேடுகளும் புரள்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தே காலுக்கு மை டப்பாவைத் திறந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் மூடுவேன். வட்டச் சீல், நீளச் சீல், தேதிச் சீல், ‘உண்மை நகல்’ சீல். நாளொன்றுக்கு முந்நூறு தடவையாவது குத்தியிருப்பேன். ஓய்வு பெற்ற அன்று வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு இருந்தது. நான் சம்பாதித்ததில் வருமான வரி பிடிக்காதது அது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட ஆள் ஓய்வுக்கு அப்புறமும் வீட்டில் உட்கார்ந்து சீல் குத்திக்கொண்டிருந்தால் மனைவி சும்மா இருப்பாளா? “ஏங்க, அங்க சம்பளம் கொடுத்துக் குத்தச் சொன்னாங்க. இங்க நீங்க செலவு பண்ணிக் குத்துறீங்க” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. இன்னமும் முடியவில்லை.

எல்லாம் பரணில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியில் தொடங்கியது. கல்லூரி நாட்களில் மகளுக்கு ஸ்கிராப்புக் பித்து, நோட்டில் படமும் தாளும் ஒட்டி அலங்கரிக்கிற வேலை. டியூஷன் எடுத்த காசையெல்லாம் அதில் போட்டாள். கல்யாணமாகிப் பெங்களூரு போனவள் பெட்டியை மட்டும் விட்டுப் போய்விட்டாள். உள்ளே ஜெல்லி மாதிரி வழவழப்பான கண்ணாடி நிற ஸ்டாம்புகள், அவற்றை ஒட்டவைத்துப் பிடிக்க ஒரு அக்ரிலிக் கட்டை, தீப்பெட்டி அளவில் பதினான்கு மை டப்பாக்கள், 12-க்கு 12 அங்குலத்தில் பூவும் புள்ளியும் கோடுமாக அச்சடித்த தாள் கட்டு ஒன்று. சேலத்துச் சித்திரை வெயிலில் ஆறேழு வருடம் பரணில் கிடந்ததில் மை டப்பாக்கள் பாதி காய்ந்து கருவாடாகியிருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. மிச்சம் பாதியை ஒருநாள் மதியம் திறந்து பார்த்தேன்.

பழக்கதோஷம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வலது கீழ் மூலையில், நேராக, ஓங்கி ஒரு குத்து.

பறவை ஸ்டாம்ப் அது. தாளில் விழுந்தது லாரியில் அடிபட்ட காக்கை.

மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்துவிட்டு ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண் செய்ததைப் பார்த்தேன். ஸ்டாம்பை மையில் அழுத்தவே இல்லை, மை டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஸ்டாம்பின் மேல் பட்டும் படாமலும் பத்துப் பதினைந்து தட்டு. பிறகு ஸ்டாம்பைத் தாளில் வைத்து, நான்கு விரல்களால் மேலே தடவிக்கொடுக்கிற மாதிரி ஒரு அழுத்து. அப்புறம் தாளை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஸ்டாம்பை நேர் மேலாக எடுக்கிறாள். ஆட்டமில்லை, சாய்ப்பில்லை. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விழுந்திருக்கிறது.

அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். நான்காவது தடவைதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் குத்தவே இல்லை, ஒற்றுகிறாள்.

நம் பேச்சில் முத்திரையைக் குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், ஒருவனைப் பற்றித் தப்பாகச் சொன்னால்கூட ‘முத்திரை குத்திவிட்டார்கள்’ என்கிறோம். எல்லாம் கத்தியைப் பிடித்த கை. ஒற்றுவது வேறு கை. வேர்வையைத் துண்டால் ஒற்றி எடுக்கிறோம். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அடிபட்ட இடத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். வேலை பார்த்த நாளில் ஒற்றிப் பத்திரம் எத்தனையோ கையில் வந்துபோயிருக்கிறது. பேச்சில் ‘ஒத்திக்கு விட்டிருக்கேன்’ என்பார்கள். வீட்டை வாடகை இல்லாமல் கொஞ்ச காலம் அனுபவித்துவிட்டு, கொடுத்த பணம் திரும்பி வந்ததும் அப்படியே விட்டுவிட்டு வருவது. அந்த ஒற்றிக்கும் இந்த ஒற்றுக்கும் வேர் ஒன்றா என்று தமிழாசிரியர்கள் சொல்லட்டும். ஸ்டாம்புக்கும் தாளுக்கும் உள்ள உறவு அதுதான் என்று எனக்குப் பட்டது. இருந்துவிட்டுச் சேதாரமில்லாமல் எழுந்து போக வேண்டும்.

சரி, கை மாற எவ்வளவு நாள் ஆனது? ஏறக்குறைய மூன்று மாதம். ரப்பர் ஸ்டாம்புக்காவது கொஞ்சம் தெம்பு உண்டு. கண்ணாடி ஸ்டாம்ப் மெத்தென்ற பாலிமர், கூட அழுத்தினால் கோடு பிதுங்கி அகலமாகிவிடும். அலுவலகத்தில் தெரிந்த ஒரே நல்ல வித்தை இங்கேயும் உதவியது. தாளுக்கு அடியில் நாலு மடிப்பு செய்தித்தாள் வைத்துக்கொள்வது. வெறும் மேஜையில் வைத்து ஒற்றினால் நடுவில் திட்டுத்திட்டாக விட்டுப்போகும்.

இன்னொன்றையும் தலைகீழாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மை தொடாமல் இரண்டாவது தடவை வைத்தால் மங்கலாக ஒரு பதிவு விழும் அல்லவா? அலுவலகத்தில் அதற்கு மெமோ வரும். ஒருமுறை எனக்கே வந்திருக்கிறது. இந்தக் கலையில் அந்த மங்கலுக்குத்தான் மரியாதை. முதல் பதிவு முன்னால் நிற்கும், இரண்டாவது கொஞ்சம் தள்ளி, மூன்றாவது பனிக்குள் போய்விடும். ஒரே ஸ்டாம்பில் தூரம் வந்துவிடுகிறது.

அப்புறம் மை.

மை என்றால் எனக்குத் தெரிந்தது ஊதா மை மட்டும்தான். மெத்தில் வயலட் வகைச் சாயம், தண்ணீர், சட்டென்று காயாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். அவ்வளவுதான் சங்கதி. கட்டுக்குள் அடைந்து கிடக்கிற பழைய பத்திரங்களில் அந்த ஊதா பளிச்சென்று இருக்கும். அதே மையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தில் பாருங்கள், சில மாத வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருக்கும். வெளிச்சம் ஆகாத சாயம் அது. இது தெரிந்திருந்தும் என் முதல் உருப்படியான படத்தை அந்த மையிலேயே செய்து, சட்டம் போட்டு, கிழக்கு ஜன்னலுக்கு எதிரில் மாட்டினேன். இப்போது அங்கே ஒரு அழகான வெறும் தாள் தொங்குகிறது.

அதைவிடப் பெரிய விபத்து தண்ணீரால் வந்தது. மிக்ஸட் மீடியா, அதாவது பல சாமான் கலந்து செய்கிற படம் என்றால் அடுக்குதான். தாள் ஒட்டி, அதன்மேல் வண்ணம், அதன்மேல் ஸ்டாம்ப், அதன்மேல் மறுபடி தாள். சாய மையில் அருமையாக ஒரு அரச மர இலையை ஒற்றிவிட்டு, மேலே மெல்லிய தாள் ஒட்டுவதற்காகப் பசையைத் தூரிகையால் இழுத்தேன். இலை அழுதுவிட்டது. பச்சை முழுக்க வழிந்து வானத்தில் ஏறியது. அன்றைக்குத்தான் மகள் பொறுமையாகச் சொன்னாள்: “அப்பா, மூணு விதம் இருக்கு. சாய மை தண்ணி பட்டா ஓடும். நிறமி மை தாளுக்கு மேலயே உட்காரும், காய நேரமாகும், பளபளப்புத் தாள்ல காயவே காயாது. சாராய வாசனை அடிக்கிற மை எதிலயும் பிடிச்சுக்கும், தண்ணிக்கு அசையாது. மேல பசை வருதுன்னா மூணாவது. தெரியாம ஓட விட்டுட்டு அது ஸ்டைல்னு சொல்லக்கூடாது.” கடைசி வாக்கியம் எனக்கென்றே சொன்னது. முந்தைய வாரம் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

நிறமி மை காயாது என்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது. ஈரம் இருக்கும்போதே பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டினால் பொடி உருகிக் கோடு மேடாக எழும்பி நிற்கிறது. அதற்கென்று வெப்பக்காற்றுத் துப்பாக்கி விற்கிறார்கள். நான் தேய்ப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன்மேல் தாளைக் காட்டுகிறேன். பொடி மணல் மாதிரி இருந்தது, ஒரு ஓரத்தில் வியர்க்கிற மாதிரி மினுங்க ஆரம்பித்து, அந்த மினுக்கம் கோட்டோடு ஓடும். பார்க்கும்போது அரக்குச் சீல் ஞாபகம் வந்தது. பார்சல் முடிச்சில் அரக்கை உருக்கி விட்டு, பித்தளை முத்திரையை எச்சில் தொட்டு வைப்போம். எச்சில் படாவிட்டால் அரக்கு முத்திரையோடு வந்துவிடும். அரக்கின் பேரப்பிள்ளைதான் இந்தப் பொடி.

ஸ்டாம்புக்கு வருகிறேன். வெளிநாட்டு ஸ்டாம்பில் ஈபில் கோபுரமும் ரோஜாவும் அலுத்துவிட்டன. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு சந்தில், எங்கள் அலுவலகத்துக்கே சீல் செய்து கொடுத்த கடைக்காரரிடம் போனேன். அவருடைய அப்பா காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதைப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அந்த அச்சின்மேல் வேகாத ரப்பர் தகட்டை வைத்துச் சூட்டு அழுத்தியில் வேகவைப்பார்கள். கந்தகம் சேர்ந்த ரப்பர் சூட்டில் இறுகும், 1844-ல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கினாரே, அதே சங்கதி. கடை முழுக்க டயர் பஞ்சர் கடை வாசனை அடிக்கும். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, பிலிம் எடுத்து, திரவப் பாலிமரைப் புற ஊதா விளக்கில் காட்டினால் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகிக்கொள்கிறது. இறுகாததைக் கழுவிவிட வேண்டியதுதான். மகளின் கண்ணாடி ஸ்டாம்புகளும் இந்த ஜாதிதான்.

நான் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“சார், இது என்னங்க, எந்த டிபார்ட்மென்ட் சின்னம்?”

“வெண்டைக்காய். குறுக்கே வெட்டினது.”

“கீழ பதவி ஏதாச்சும் போடணுங்களா?”

வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம்தான்.

வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டு ஒற்றாத குழந்தை தமிழ்நாட்டில் இருக்காது என்று நினைக்கிறேன். ஐந்து இதழ், ஒவ்வொரு இதழிலும் ஒரு விதை. காயில் ஒற்றினால் நாலு பதிவுக்கு மேல் கொழகொழவென்று ஆகிவிடும், அதனால் ரப்பரில் செய்துகொண்டேன். இன்றுவரை நான் அதிகம் எடுக்கிற ஸ்டாம்ப் அதுதான்.

தாள் விஷயத்தில் சேலத்துக்காரன் கொடுத்துவைத்தவன். மகள் வாங்கிய தாள் கட்டு தீர்ந்ததும் இணையத்தில் ஒன்று தருவித்தேன். தொள்ளாயிரம் ரூபாய்க்கு வந்தது பள்ளிக்கூட சார்ட் தரத்தில், ஓரம் மடங்கி இருந்தது. திருப்பி அனுப்பி ஓய்ந்ததில் கண் ஊருக்குள் திரும்பியது. இளம்பிள்ளைச் சேலைக் கட்டில் வைக்கிற வண்ணச் சீட்டு, தங்கக் கோடு போட்ட கல்யாணப் பத்திரிகை, சிவகாசி வெடிப்பெட்டி லேபிள், பழைய பஞ்சாங்கத்தின் கட்டம் கட்டமான பக்கம், சின்னக்கடை வீதியில் பூஜைச் சாமான் சுற்றித் தருகிற ரோஸ் கலர் மெல்லிய தாள். மரக்கூழில் செய்த செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மஞ்சளாகி நொறுங்கிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டை அதைவிட நாள் தாங்கும். பழைய முத்திரைத்தாளைக் கேட்காதீர்கள். நாசிக்கில் அச்சாகிவரும் அந்த நுணுக்கமான வேலைப்பாட்டைப் போல அழகு வேறு தாளில் இல்லை, எனக்கும் கை அரிக்கும். 31 வருடப் பழக்கம், தொட மாட்டேன்.

இவை எல்லாவற்றையும் தாண்டி ஒரு புதையல் அம்மாப்பேட்டையில் கிடைத்தது. தெரிந்த தறிக்காரர் வீட்டுத் திண்ணை ஓரத்தில், நூலால் கோத்த அட்டைகள் ஏணி மாதிரி மடங்கி மடங்கிக் கிடந்தன. ஜக்கார்டு அட்டை. தறியில் பூ விழவைக்க 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் கண்டுபிடித்த வித்தை இது. ஒவ்வொரு அட்டையும் குறுக்கே ஓடுகிற ஊடையில் ஒரு இழைக்கு. ஓட்டை இருக்கிற இடத்தில் நெடுக்கே ஓடுகிற பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் கிடக்கும். நூற்றுக்கணக்கான அட்டை சேர்ந்தால்தான் முந்தானையில் ஒரு மயில். “டிசைன் போயிருச்சுங்க, எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த பிறகு இத யாரு பாக்கறாங்க, எடுத்துட்டுப் போங்கண்ணா” என்றார். ஒரு மயிலின் கால் பகுதி என் பையில் வந்து சேர்ந்தது.

அந்த அட்டையைத் தாளின்மேல் வைத்து, ஸ்பாஞ்சில் மை தொட்டு ஓட்டைகளின்மேல் ஒற்றிப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் விழும், நடுநடுவே வெற்றிடம் விட்டு. கோலப்புள்ளி என்று நினைக்கிற கண்ணுக்கு அதில் ஒழுங்கு பிடிபடாது. மயிலின் கழுத்தோ காலோ, அதில் ஒரே ஒரு இழை அது. பார்க்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும், போதும்.

பசைக்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. குச்சிக்கிழங்கு மாவு ஒரு கரண்டி, தண்ணீர் எட்டுக் கரண்டி, சிறு தீயில் வெண்மை போய்க் கண்ணாடியாகும் வரை கிளறு. பூச்சி வராமல் இருக்கப் பழைய பைண்டிங்காரர்கள் துளி மயில்துத்தம் போடுவார்கள். விஷம் அது, சமையல் பாத்திரத்தில் காய்ச்சினால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. நடந்தது எங்கள் வீட்டில்.

ஆடி மாதம் பத்து நாள் ஏற்காடு. மனைவியின் தம்பி அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கீழே சேலத்தில் பாலை இருக்கிறது, மேலே 1,500 மீட்டரில் மேகம் ஜன்னலுக்குள் வருகிறது. எங்கள் வீட்டில் பத்து நிமிடத்தில் காய்கிற தாள் அங்கே மறுநாள் காலையிலும் ஈரம். ஒட்டின பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துகொள்கிறது. நிறமி மையைத் தொட்டால் விரலோடு வருகிறது. மூன்று நாள் எரிச்சல். நாலாம் நாள் காயாததைக் காயவைக்கப் போராடுவதை விட்டுவிட்டு இலை பொறுக்கப் போனேன்.

காப்பி இலையை மேல்புறம் ஒற்றினால் பச்சையாக ஒரு திட்டு விழும். திருப்பிப் போட்டு அடிப்புறம் மை தட்டினால்தான் நரம்பு வரும். நடு நரம்பு, அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து போகிற கிளைகள், ஓரத்தில் அலை. சில்வர் ஓக் இலை பெரணி மாதிரி பிளந்து பிளந்து இருக்கும், அடிப்புறம் வெள்ளி. அதில் கறுப்பு மை தட்டினால் வெள்ளி மறைந்து எலும்புக்கூடு தெரிகிறது. ஈரக் காற்றில் மை மெதுவாகக் காய்ந்ததால் ஒரே தொடுதலில் இரண்டு, மூன்று, நாலு பதிவு கிடைத்தது. சேலத்தில் இலையில் இரண்டு தாண்டாது. எஸ்டேட் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற தகர அச்சுகளையும் மச்சினர் எடுத்துக் கொடுத்தார். “மாமா, கணக்கு முடியறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துருங்க” என்றார் பயத்தோடு. ‘ஏ’, ‘பி’, ‘7’ என்று அவற்றை ஒற்றிய பக்கங்களில் டிகாக்‌ஷன் கறையைப் படரவிட்டேன். அந்த வாசனை நோட்டில் இன்னமும் இருக்கிறது.

இந்தக் கூட்டாஞ்சோறுக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் 1912-ல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டியதிலிருந்து தொடங்குவார்கள். தொடங்கட்டும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூள் பசையில் மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிற தஞ்சாவூர்ப் படம் அதற்கு ரொம்ப முந்தியது. எங்கள் பாட்டி வீட்டு லட்சுமி அச்சுப் படத்தில் புடவை மட்டும் நிஜத் துணி, ஜரிகையும் ஜிகினாவும் தைத்தது. சின்ன வயதில் நாற்காலி போட்டு ஏறி அந்தக் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

போன தை மாதம் அக்கா பேத்திக்குக் கல்யாணம். கடையில் விற்கிற, ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவர் வேண்டாம், நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். கெட்டித் தாளில் மஞ்சள் கரைத்துப் பூசிக் காயவைத்தேன். சுண்ணாம்புத் தண்ணீரின் தெளிவை ஸ்பாஞ்சில் எடுத்து வெண்டைக்காய் ஸ்டாம்பில் தட்டி ஒற்றினேன். ஒற்றும்போது வெறும் ஈரம்தான். ஒரு நொடி கழித்து மஞ்சளுக்குள்ளிருந்து குங்குமச் சிவப்பாகப் பூ எழுந்தது. கூடவே நின்ற மனைவி “இன்னொண்ணு வைங்க” என்றாள். பதினொன்று வைத்தேன். அந்தச் சிவப்பு நிற்காது, வாரம் போகப் போகப் பழுப்பாகும். கல்யாணத்துக்கு முந்தின இரவு செய்ததால் கவலையில்லை. மேலே ஜக்கார்டுப் புள்ளி, ஓரத்தில் சேலைச் சீட்டின் துண்டு, பெயரை மேடெழுப்பிய தங்க எழுத்தில், கொஞ்சம் மறைவாக.

மண்டபத்தில் மொய் எழுதிய சம்பந்தி வீட்டுக்காரர் கவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். “பேரு எங்கங்க போட்டிருக்கு?” காட்டினேன். “ஓ” என்றவர், சரியாக நாலாவது பூவின் குறுக்கே கிழித்து, ஆயிரத்தொன்றை எடுத்து எண்ணி நோட்டில் எழுதிவிட்டு, கவரை மேஜைக்கு அடியிலிருந்த சாக்கில் போட்டார்.

பந்தி முடிகிற வரை பொறுத்திருந்து, அந்தச் சாக்கைக் கேட்டேன். “குப்பைங்க அது” என்றார். பரவாயில்லை என்று தோளில் போட்டுக்கொண்டேன். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். மனைவி பத்தடி தள்ளி நடந்தாள். வீட்டுக்கு வந்து கூடத்தில் கொட்டிப் பார்த்தால் தங்கப் பிள்ளையார், வெள்ளி மயில், வெல்வெட் சிவப்பு, பச்சையில் மாவிலைத் தோரணம், நானூறு கவருக்குக் குறையாது. என்னுடையது அடியில் இருந்தது. கிழிந்த ஓரத்தில் உள் தாள் வெள்ளையாக நூல் நூலாகப் பிரிந்து, நாலாவது பூ இரண்டாகி நின்றது. மேலே யாரோ ரசம் சிந்தியிருந்தார்கள். அதை மட்டும் தனியாக எடுத்துக் காயவைத்தேன்.